யூஎஸ்டிடி வாங்கி, அனுப்பி, திரும்ப ரூபாயாக்குவது: எந்தப் படி முதலில், எது பிறகு

ஸ்டேபிள்காயின், அதாவது ஒரு டாலர் விலையிலேயே நிற்கும்படி உருவாக்கிய கிரிப்டோ காயின் (யூஎஸ்டிடி அதில் ஒன்று), வாங்குவது ஐந்து நிமிட வேலை. அதில் பணத்தை விட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காயின் விலை விழுந்துவிட்டது என்று சொல்பவர் குறைவு. தப்பான நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டேன், வாலட்டில் இருக்கிறது ஆனால் நகர்த்த முடியவில்லை, விற்ற பணம் வந்த கொஞ்ச நாளில் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். பாதிக்கு மேல் சிக்கல், கடைசிப் படியைக் கடைசியில் யோசித்ததால் வருவது. அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து ரூபாயில் தொடங்கி ரூபாயில் முடிக்கும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு வரிப் பகுதி பொருந்தாது, மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பான், ஆதார், உங்கள் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு சம்பளம் வருவதாகவோ வீட்டுக் கடன் இஎம்ஐ போவதாகவோ இருக்க வேண்டாம், தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் புரியும்.

லாகின் குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் ஒன்று வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பினால், உங்கள் நம்பருக்கு வேறொருவன் டூப்ளிகேட் சிம் எடுத்த அன்றே எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) கணக்கும் அவன் கைக்குப் போய்விடும். அப்புறம் ஒரு பேனா, ஒரு காகிதம். சிரிக்க வேண்டாம், ஐந்தாவது படியில் தேவைப்படும்.

2. எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

கிரிப்டோ சந்தையில் ஸ்டேபிள்காயினுக்கு உண்மையான வேலை இரண்டு. ஒன்று, விலை பேசும் அளவுகோல்: பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் பிட்காயினோ வேறு எதுவோ, ஜோடியின் (எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்ற இரண்டின்) மறுபக்கம் பெரும்பாலும் யூஎஸ்டிடிதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் பிட்காயினை விற்றுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டுமென்றால் வங்கி திறக்கும்வரை காத்திருக்க முடியாது, அதனால் வர்த்தகர்கள் யூஎஸ்டிடிக்கு மாறி நிற்கிறார்கள். இரண்டாவது, போக்குவரத்து: ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்னொன்றுக்கோ, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கோ சில நிமிடங்களில் நகர்ந்துவிடும்.

இந்த இரண்டில் ஒன்று உங்கள் தேவையா? சரி, மேலே போகலாம். "டாலராகச் சேமிக்கிறேன்" என்பது மட்டுமே நோக்கம் என்றால் ஒன்பதாவது படியை முதலில் படித்துவிட்டு வாருங்கள், பலர் அங்கேயே மனம் மாறிவிடுவார்கள். "வட்டி தருகிறார்கள்" என்பது நோக்கம் என்றால் இந்த வழிகாட்டியே உங்களுக்கு வேண்டாம். 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்க ஸ்டேபிள்காயின் சட்டம், வெளியிடும் நிறுவனம் காயினை வைத்திருப்பவருக்கு வட்டி தரக்கூடாது என்கிறது. அப்படியானால் உங்களுக்கு வட்டி தருவதாகச் சொல்லும் ஆள், பெரும்பாலும் உங்கள் காயினை எடுத்து வேறு எங்கேயோ கடன் கொடுக்கிறார் அல்லது சூதாடுகிறார், அல்லது அடுத்து வருபவர் பணத்தை உங்களுக்குத் தருகிறார். டெர்ரா யூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினை வைத்திருந்தவர்களுக்கு ஆங்கர் என்ற திட்டம் ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் தந்தது. 2022 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் அந்தக் காயின் ஒரு டாலரிலிருந்து 20 சென்ட்டுக்கும் கீழே போனது.

3. வெளியே வரும் வழியை உள்ளே போகும் முன் பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது, எனக்கு முக்கியமானதும் இதுதான்.

எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது, மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் பைனான்ஸ், குகாயின் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பதிவு இல்லை என்று நோட்டீஸ் போனது, அடுத்த மாதமே அவற்றின் ஆப்கள் இந்தியாவில் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தன. அந்த இரண்டும் பிறகு பதிவு செய்துகொண்டன. ஆனால் ஆப் மறைந்த அந்த நாட்களில் உள்ளே காசு வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

அடுத்து, அந்த எக்ஸ்சேஞ்சில் காயினை வெளி வாலட்டுக்கு (சாவி உங்கள் கையில் இருக்கும் ஆப்புக்கு) எடுக்க முடிகிறதா? ரூபாய் போட்டு வாங்க விடுவார்கள், வெளியே எடுக்கப் போனால் கூடுதல் சரிபார்ப்பு, காத்திருப்பு, சில இடங்களில் அனுமதியே இல்லை. இதை உதவிப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம், செய்து பாருங்கள்: ஒரு சின்னத் தொகைக்கு வாங்கி, வாலட்டுக்கு எடுத்து, திரும்பப் போட்டு, விற்று, ரூபாய் வங்கிக்கு வந்து சேர்கிறதா என்று முழுச் சுற்றும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கட்டணத்தில் கொஞ்சம் போகும், போகட்டும்.

வாங்கியதை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் என்ன? 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. தங்கள் கிரிப்டோவை எடுக்க வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அதில் சிக்கிய ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

4. எந்தக் காயின்

யூஎஸ்டிடியை டெதர் வெளியிடுகிறது, யூஎஸ்டிசியை சர்க்கிள். இரண்டுமே வெளியிட்ட அளவுக்கு ஈடாக அமெரிக்க அரசுக் கடன் பத்திரம், ரொக்கம் போன்றவற்றை வைத்திருப்பதாகச் சொல்பவை. டெதரின் இருப்பில் தங்கமும் பிட்காயினும்கூட உண்டு. டாய் என்ற காயின் வேறு மாதிரி: ஈத்தர் போன்ற காயின்களைத் தேவைக்கு அதிகமாக அடகு வைத்து உருவாக்குவது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு காயினுக்கு ஒரு டாலர்" என்ற வாக்கு நேரடியாக உங்களுக்குத் தரப்பட்டதில்லை. டெதரிடம் நேராகப் போய்க் காயினைக் கொடுத்து டாலர் வாங்க குறைந்தது ஒரு லட்சம் டாலர் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அப்படி மாற்றுகின்றன, வெளியே விலை 99 சென்ட்டுக்கு இறங்கினால் அங்கே வாங்கி இங்கே மாற்றி லாபம் பார்க்கின்றன, அந்த லாப ஆசைதான் விலையை ஒரு டாலரில் பிடித்து வைக்கிறது. உங்களுக்கும் எனக்கும் கிடைப்பது சந்தை விலை மட்டும். 2023 மார்ச்சில் சர்க்கிளின் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியபோது யூஎஸ்டிசி சுமார் 87 சென்ட்டுக்கு இறங்கியது. அது வார இறுதி, வங்கிகள் மூடியிருந்தன, மாற்றித் தர ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க அரசு டெபாசிட்டுகளுக்குப் பொறுப்பேற்பதாக அறிவித்ததும் விலை கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்தது. பதறி சனிக்கிழமை விற்றவர்களுக்குத்தான் நட்டம்.

நடைமுறையில்: எக்ஸ்சேஞ்சுக்குள் வர்த்தகம் என்றால் யூஎஸ்டிடி, அதில்தான் ஜோடிகள் அதிகம். பாரிஸிலோ பெர்லினிலோ இருக்கும் ஒருவருக்கு அனுப்புவதென்றால் யூஎஸ்டிசி, ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் புது விதிகளுக்குப் பிறகு அங்கே பெரிய எக்ஸ்சேஞ்சுகள் யூஎஸ்டிடி ஜோடிகளை எடுத்துவிட்டன. இரண்டு நிறுவனங்களுமே எந்த முகவரியையும் முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறார்கள். "கிரிப்டோவை யாரும் தொட முடியாது" என்று யாராவது சொன்னால் அது இந்தக் காயின்களுக்குப் பொருந்தாது.

5. நெட்வொர்க்கையும் வாலட்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

யூஎஸ்டிடி ஒரே நெட்வொர்க்கில் (காயின் பதிவாகி நகரும் பிளாக்செயினில்) இல்லை. எத்தீரியத்தில் இஆர்சி-20, டிரானில் டிஆர்சி-20, பிஎன்பி செயினில் பிஇபி-20, இன்னும் சொலானா, டான் என்று போகும். பெயரும் விலையும் ஒன்றுதான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போகாது.

டிரான் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும், அதனால் அதை எத்தீரியம் முகவரியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. ஆபத்து எத்தீரியம், பிஎன்பி செயின், பாலிகான், ஆர்பிட்ரம் ஆகியவற்றுக்கு இடையில்தான்: பூஜ்யத்தில் தொடங்கும் அதே முகவரி நான்கிலும் செல்லும், ஒரே கதவு எண் நான்கு ஊர்களில் இருப்பது போல. தபால் போய்ச் சேரும், ஆனால் எந்த ஊருக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். உங்கள் சொந்த வாலட்டுக்கு இப்படி ஊர் மாறிப் போனால் பயமில்லை, வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் காயின் தெரியும். எக்ஸ்சேஞ்சின் முகவரிக்கு, அவர்கள் ஏற்காத நெட்வொர்க்கில் போனால் அவர்கள் மனம் வைத்தால்தான் மீட்பு, அதற்கும் கட்டணம் உண்டு, பல வாரம் ஆகும்.

யூஎஸ்டிசியில் இன்னொரு பொறி. பாலிகான், ஆர்பிட்ரத்தில் சர்க்கிளே வெளியிட்ட யூஎஸ்டிசியும் உண்டு, பாலம் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காயினைக் கொண்டுவரும் சேவை) வழியாக வந்த பழைய யூஎஸ்டிசியும் உண்டு. பழையதன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஈ எழுத்தும் இருக்கும். பல எக்ஸ்சேஞ்சுகள் முதல் வகையை மட்டும்தான் வரவு வைக்கும்.

இனி வாலட். நிறுவியதும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும், அதுதான் சீட் ஃப்ரேஸ், வாலட்டின் சாவியே அதுதான். அதற்குத்தான் அந்தப் பேனாவும் காகிதமும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், போனில் புகைப்பட அனுமதி கேட்கும் ஏதோ ஒரு உதவாக்கரை ஆப் அதைப் படிக்கும். எழுதி முடித்ததும், காசு போடும் முன்பே, வாலட்டை அழித்துவிட்டு அந்தச் சொற்களை வைத்து மீட்டுப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் இப்போது தெரிவது நல்லது.

கேஸ் ஃபீயை, அதாவது ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நெட்வொர்க் வாங்கும் கட்டணத்தை, யூஎஸ்டிடியில் கட்ட முடியும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். சாதாரண வாலட்டில் முடியாது. டிரானில் டிஆர்எக்ஸ், எத்தீரியத்தில் ஈத்தர், பிஎன்பி செயினில் பிஎன்பி, பாலிகானில் பிஓஎல் தனியாக இருக்க வேண்டும். அதனால் யூஎஸ்டிடியை வாலட்டுக்கு அனுப்பும் முன் கேஸுக்கான காயினை அனுப்பிவிடுங்கள். வரிசையை மாற்றினால் ஒன்றும் அழிந்துவிடாது, ஆனால் அவசரமாக விற்க வேண்டிய நேரத்தில் டிஆர்எக்ஸ் வாங்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். டிரானில் இருபது முப்பது டிஆர்எக்ஸ் வைத்திருப்பது வசதி, ஏனென்றால் இதுவரை யூஎஸ்டிடியே வராத முகவரிக்கு அனுப்பினால் கட்டணம் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்தக் கேஸ் விஷயத்தை வைத்தே ஒரு தூண்டில் உண்டு. யாரோ ஒருவர் "தெரியாமல்" தன் சீட் ஃப்ரேஸைக் கமெண்டில் போட்டிருப்பார், திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் யூஎஸ்டிடி, டிஆர்எக்ஸ் மட்டும் இல்லை. கொஞ்சம் டிஆர்எக்ஸ் போட்டு எடுத்துவிடலாம் என்று போடுவீர்கள். அந்த முகவரியின் கையொப்ப அதிகாரம் முன்பே வேறு சாவிக்கு மாற்றப்பட்டிருக்கும், நீங்கள் போட்டதைத்தான் அவன் எடுத்துக்கொள்வான்.

6. வாங்குவது

ரூபாய் ஜோடியில் நேரடியாக வாங்கலாம், பி2பியில் இன்னொரு ஆளிடம் வாங்கலாம். முதல் முறை நேரடியாகவே வாங்குங்கள்.

இந்தியாவில் யூஎஸ்டிடி விலை வங்கியின் டாலர் விலையைவிடச் சில ரூபாய் அதிகமாகவே இருக்கும். மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்குவது) போட்டால் அதற்கும் மேலே போய் வாங்கும், லிமிட் ஆர்டர் (நீங்கள் சொல்லும் விலைக்கு மேல் வாங்காதது) போட்டுக் காத்திருங்கள். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. சந்தையைவிட ஐந்து பத்து ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருபவரிடம் பேச்சே வேண்டாம். அவர் அனுப்புவது யூஎஸ்டிடி என்று பெயர் வைத்த போலி டோக்கனாக இருக்கும், அல்லது திருட்டுப் பணத்தைக் காயினாக்கிக் கைமாற்றுகிறவராக இருப்பார்.

7. அனுப்புவது

பெறும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே டெபாசிட் பக்கத்தைத் திறந்து, காயினையும் நெட்வொர்க்கையும் தேர்ந்து, அது காட்டும் முகவரியைக் காப்பி செய்து, பிறகு அனுப்பும் பக்கத்தில் அதே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் பக்கத்தில் தொடங்குபவர்கள் கட்டணம் குறைவான நெட்வொர்க்கைத் தேர்ந்துவிட்டு, மறுபக்கம் அது இருக்கிறதா என்றே பார்ப்பதில்லை.

முதலில் சிறு தொகை. அது மறுபக்கம் வரவாகி, அங்கே இருப்பில் தெரிந்த பிறகு மீதி. "அனுப்பப்பட்டது" என்று பச்சை டிக் வருவது அனுப்பும் பக்கத்தின் சங்கதி, மறுபக்கம் வரவானதற்கு அது சாட்சி இல்லை. டான் நெட்வொர்க் வழியாக எக்ஸ்சேஞ்சுக்குப் போடுவதென்றால் முகவரியோடு மெமோ (உங்கள் கணக்கை அடையாளம் காட்டும் குறியீடு) ஒன்றும் கேட்பார்கள், அதை விட்டால் காயின் பொதுக் கணக்கில் பெயரில்லாமல் நிற்கும்.

இரண்டாவது தொகையை அனுப்பும்போது பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். நீங்கள் அனுப்பிய சில நிமிடங்களில், முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒத்த ஒரு முகவரியிலிருந்து பூஜ்யத் தொகைப் பரிவர்த்தனை ஒன்று உங்கள் பட்டியலில் வந்து உட்காரும். அதை மென்பொருளே உருவாக்குகிறது, நீங்கள் அசட்டையாக அதைக் காப்பி செய்வீர்கள் என்று காத்திருக்கிறது. பெறும் பக்கத்தில் மறுபடி எடுங்கள், நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் முகவரிப் புத்தகம் இருந்தால் அதில் சேமித்துவிடுவது இன்னும் நல்லது.

பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் யூஎஸ்டிடி என்று தேடி, வருகிற கான்ட்ராக்ட் முகவரியை (காயினை இயக்கும் நிரலின் முகவரியை) "யூஎஸ்டிடி முகவரி" என்று நினைத்து அதற்கே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணம் திரும்பாது.

8. விற்று ரூபாயாக்குவது

நேரடி ரூபாய் ஜோடியில் விற்றால் பணம் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும், சிக்கல் குறைவு. பி2பியில் விலை சற்றுக் கூடுதல், ஆனால் பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து வருகிறது. அந்த ஆள் ஆன்லைன் மோசடியில் வேறு ஒருவரிடம் பறித்த பணத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தால், ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுப்பார், பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள், அந்த வரிசையில் உங்கள் கணக்கும் இருக்கும். தனிக் கணக்கு வையுங்கள் என்று முதல் படியில் சொன்னது இதற்குத்தான்.

பணம் அனுப்புபவரின் வங்கிப் பெயரும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கேஒய்சி பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "தம்பி கணக்கிலிருந்து போடுகிறேன்" என்றால் காயினை விடுவிக்காமல் எக்ஸ்சேஞ்சிடம் அப்பீல் போடுங்கள். வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்க்கும்வரை பணம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எஸ்எம்எஸ்ஸையும் ஸ்கிரீன்ஷாட்டையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். "சீக்கிரம் ரிலீஸ் பண்ணுங்க ப்ரோ" என்று நச்சரிப்பவர் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள்.

கணக்கு முடங்கிவிட்டால் வங்கியிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டியது: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை. அது கிடைத்தால்தான் ஆர்டர் எண், அரட்டைப் பதிவு, எதிர்த்தரப்பு விவரம் எல்லாவற்றையும் சரியான இடத்துக்கு அனுப்ப முடியும். அந்தப் பதிவுகளை விற்ற அன்றே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

9. வரி

ஸ்டேபிள் என்றால் லாபமில்லை, லாபமில்லை என்றால் வரியில்லை என்று நினைப்பது சகஜம். சட்டம் ரூபாயில் பார்க்கிறது. 88 ரூபாய்க்கு வாங்கி 92க்கு விற்றால் அந்த 4 ரூபாய் லாபம், அதற்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிப்பார்கள். அது கூடுதல் வரி அல்ல, கடைசி வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

பெரிய அடி வேறு இடத்தில். காயினைக் காயினாக மாற்றுவதும் விற்பனைதான். ஒரு லட்சத்துக்கு வாங்கிய பிட்காயின் ஒன்றரை லட்சமானபோது யூஎஸ்டிடியாக மாற்றி ஒதுங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய் கைக்கு வரவில்லை, ஆனாலும் 50,000 லாபத்துக்கு 15,600 வரி. பிறகு அந்த யூஎஸ்டிடியில் வேறு காயின் வாங்கி 50,000 நட்டமானால் அதை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. கையில் லாபம் ஒன்றும் மிஞ்சாமல் 15,600 மட்டும் கட்ட வேண்டும். வெளிநாட்டு வர்த்தகர்கள் யூஎஸ்டிடிக்குள் போய்வருவதைப் பார்த்து அதே வேகத்தில் இங்கே செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வெளிநாட்டு வேலைக்குக் கூலியை யூஎஸ்டிடியாக வாங்குபவர்களுக்கு ஒன்று: வங்கி வழியாக வந்தால் கிடைக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று இதில் கிடைக்காது. ஏற்றுமதிச் சலுகையோ கடனோ கேட்கும்போது அந்தத் தாள் இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ரிட்டர்னில் கிரிப்டோவுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய செலவு, விற்ற தொகை என்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கேட்கும். அதே நான்கு கட்டங்களோடு ஒரு எக்ஸல் தாளை முதல் நாளே திறந்து, ஐந்தாவதாக டிரான்சாக்ஷன் ஹாஷுக்கு (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நெட்வொர்க் தரும் அடையாள எண்ணுக்கு) ஒரு கட்டம் போடுங்கள். உங்கள் வாலட்டிலிருந்து உங்கள் இன்னொரு வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, ஆனால் எக்ஸ்சேஞ்ச் அறிக்கையில் அது வெறும் "வித்டிராவல்" என்றுதான் இருக்கும். அது எங்கே போனது என்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் காட்டுவதற்கு அந்த ஹாஷ்தான் இருக்கும்.